புகையை மன்னிக்காத ரெஜினா அக்கா

சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தின் கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் உணவகத்தின் பின்கட்டில், மத்தியானத்துக்கான கணவாய்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஷெரினின் அழைப்பு வந்தது. ஈரக் கையோடு எடுத்தேன். "யூட் மாமா, அம்மா போயிட்டா" என்றாள். பிறகு இத்தாலி மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். ரெஜினா அக்காவின் ஒரே மகள் அவள்.

நான் அழவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் வந்தது அக்காவின் முகம்கூட அல்ல; படகுப் பட்டறை இஞ்சினியரின் முகம். இந்தச் செய்தியை அந்த மனிதருக்கு யார் போய்ச் சொல்வது, எப்போது சொன்னால் நன்றாக உறைக்கும் என்றுதான் யோசித்தேன்.

அக்காவை அறிந்த உங்களில் பலர், அடக்கம் முடிந்து வெளியே வந்து நின்றபோது, அவர் சாதுவான மனுசி என்றும் யாரையும் நோகப் பேசாதவர் என்றும் சொன்னீர்கள். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாட்டுக்குழுவின் கடைசி வரிசையில் நின்று பாடிய ரெஜினாவை மட்டுமே நீங்கள் கண்டிருக்கிறீர்கள். நான் அறிந்தவர் வேறு. அவர் சாதுவானவர் அல்ல. தனக்குச் செய்யப்பட்ட ஒரு அநியாயத்தையும் அவர் மறந்தது கிடையாது. அதற்காகத்தான் நான் அவரை மதித்தேன். அவரைப் பொய்யாக நல்லவராக்கிப் புதைத்துவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

பலெர்மோவிலிருந்து பகேரியாவுக்குப் போகும் ரயிலில் இடது பக்கம் இருந்தால், ஒரு சிறு துறையும் அதை அணைத்த அலைதடுப்பும் தெரியும். அந்த அலைதடுப்பில்தான் அவரை முதலில் சந்தித்தேன். வீட்டு வேலை செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் வியாழன் பின்னேரமும் ஞாயிறும் அவர் அங்கே தூண்டில் போடுவார். மன்னாரில் பிறந்தவர், புருசனைப் போரில் இழந்து, கைக்குழந்தையோடு இங்கே வந்தவர். அன்று காற்று எங்கள் இரண்டு நூலையும் சிக்கலாக்கியது. நான் அவிழ்க்கக் குனிவதற்குள் அவர் கத்தியை எடுத்து என் நூலை வெட்டினார். "உன்ர தான் என்ரைக்கு மேல வந்தது" என்றார். அதற்குப் பிறகுதான் ஊர் எது, பெயர் என்ன என்று கேட்டார்.

எங்கள் ஆள் ஒருவர், தாலி அறுத்த பெண் ஆண்களோடு நின்று தூண்டில் போடுவது வெட்கக்கேடு என்று கோயில் மண்டபத்தில் சொல்லியிருந்தார். அது அக்காவின் காதிலும் விழுந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முதல்நாள் தூண்டிலில் நல்ல மீன்பாடு. மண்டபத்துக்கு வாளியோடு வந்து, வரிசையாக இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் மீன் கொடுத்தார். அந்த ஆள் பையை விரித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைத் தாண்டிப் போய் அடுத்தவரின் பைக்குள் போட்டார். நத்தார் நாளில் இப்படிச் செய்யலாமா என்று பிறகு கேட்டேன். "மறந்திட்டு இருந்தா மன்னிச்ச மாதிரி ஆயிடும். நான் மன்னிக்கேல்லை எண்டு அவருக்குத் தெரியவேணும்" என்றார்.

அந்தத் துறையின் ஓரத்தில் ஒரு படகு திருத்தும் பட்டறை இருக்கிறது. படகுகளின் அடியில் இருக்கும் பழைய பெயின்றைத் தேய்த்து எடுக்கும்போது சுற்றிவரப் படங்கு என்ற தடித்த மறைப்புத் துணி கட்டவேண்டும், தூசியை உறிஞ்சும் இயந்திரம் ஓடவேண்டும் என்பது சட்டம். கிழமை நாட்களில் படங்கு இருக்கும். ஞாயிறுகளில் சோதனைக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதால் அதைச் சுருட்டிவிட்டுத் தேய்ப்பார்கள். தேய்த்துக் கொட்டியதையும் பெயின்ற் துணிகளையும் தகரப் பீப்பாய்க்குள் போட்டு எரிப்பார்கள். கறுப்புப் புகை நேரே எழும்பி, காற்று திரும்பியதும் எதிரே இருக்கும் வீடுகளின் பக்கம் போகும். அலைதடுப்பில் நின்ற நாங்கள் மட்டுமே அதைக் கண்ணால் கண்டவர்கள்.

எதிரே இருந்த வீடொன்றின் நாலாம் மாடியில்தான் அக்கா வேலை செய்தார். வயதான ஒரு சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மணியை, பராமரிப்பது அவருடைய வேலை. பால்கனிக் கம்பியில் படியும் சாம்பல் நிறத் தூளை அவர் காலையிலும் துடைப்பார், மாலையிலும் துடைப்பார். சிஞ்ஞோராவுக்கு இருமல் பிடித்தது. அது நெஞ்சுக்குள் இறங்கி, அந்த மாரியிலேயே அவரைக் கொண்டுபோனது. வயது என்றார் டொக்டர். இருக்கலாம். நான் டொக்டர் அல்ல, அக்காவும் அல்ல. ஆனால் அந்த அறையில் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர்தான்.

சிஞ்ஞோராவை அடக்கம் செய்த கிழமை, அக்கா பட்டறை வாசலுக்குப் போனார். பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த இஞ்சினியர் வெளியே வந்தார். அது வெறும் தூசி, ஒன்றும் செய்யாது என்றாராம். அக்கா விடாமல் நிற்க, "இது உன்ர கடலா? போய் உன்ர சோத்தை அவி" என்றாராம், வேலைக்காரர்கள் கேட்கும்படியாக. அன்று மாலை அதை எனக்குச் சொன்னபோது அக்காவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை. அந்த மனிதர் அக்காவிடமிருந்து தப்பமாட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அந்தக் கிழமைகளில்தான் அக்காவுக்கும் இருமல் தொடங்கியது.

அடுத்த வருசம் பிராந்திய அரசு புதிய விதிகளை முன்வைத்தது. ஒன்று, பொழுதுபோக்கு மீன்பிடி பற்றியது: சிறு துறைகளின் அலைதடுப்புகளில் நின்று இனித் தூண்டில் போடக்கூடாது, மீன்குஞ்சுகள் பெருக இடம் விடவேண்டும். மற்றது காற்று மாசு பற்றியது: சிறு பட்டறைகள் தங்கள் புகையையும் தூசியையும் தாங்களே அளந்து அறிவித்தால் போதும், சோதனைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரவேண்டும். இரண்டுக்கும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் பொதுமக்களின் கருத்தைக் கேட்பதாக அறிவித்தார்கள்.

அலைதடுப்பில் எல்லோருக்கும் முதலாவது விதியின் மேல்தான் கோபம். எங்களோடு நிற்கும் கிழவர் தூரி, சிசிலியன் மொழியில் அரசாங்கத்தின் தாய் தகப்பனையெல்லாம் இழுத்துத் திட்டினார். ஷெரின் கைபேசியில் இரண்டையும் வாசித்து மொழிபெயர்த்துச் சொல்ல, அக்கா தூண்டிலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்டு எங்களை இஞ்சையிருந்து எழுப்ப. மற்றது அவனை அங்கை இருக்க விட" என்றார். "நாங்கள் இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமையில ஆர் பாக்கிறது?"

விதிகளை எழுதியவர்கள் அப்படி நினைத்துத்தான் எழுதினார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதனால் யாருக்கு இலாபம் என்பது தெளிவாகத் தெரிந்தது. அந்த ஞாயிறு முதல் நாங்கள் மீனைவிடப் புகையைத்தான் அதிகம் பிடித்தோம். தூரியும் நானும் கைபேசியில் படம் எடுத்தோம். அக்கா படம் எடுக்கவில்லை. தன்னிடம் வேறு யோசனை இருப்பதாக மட்டும் சொன்னார்.

கூட்டம் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்களுக்கு முன்பே இஞ்சினியர் எழுந்து பேசினார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் புகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மீன்களுக்காகப் பேசினார். தூண்டில்காரர்கள் குஞ்சு மீன்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள், கடல் செத்துக்கொண்டிருக்கிறது என்று உருகினார். சிலர் கைதட்டினார்கள்.

அக்காவின் முறை வந்தது. கோயிலுக்குப் போடும் நீலச் சட்டையில் வந்திருந்தார். ஒரு துணிப்பையோடு முன்னால் போனவர், ஒலிவாங்கி இருந்த பக்கம் போகவில்லை. முன்வரிசையில் இருந்த இஞ்சினியரின் மேசைக்கு நேரே போனார். பைக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்து அவர் முன்னால் விரித்தார். அது செத்துப்போன சிஞ்ஞோராவின் விரிப்பு. அந்த வீட்டாரிடம் கேட்டு, ஒரு ஞாயிறு முழுக்க அதே பால்கனியில் காயவிட்டு, தூசி சிந்தாமல் உட்பக்கமாக மடித்து வைத்திருந்திருக்கிறார். அதன் நடுப்பகுதி ஈயம்போலக் கறுத்திருந்தது.

இஞ்சினியர் பதறி அதைத் தள்ளினார். தூள் எழும்பி அவருடைய கோட்டிலும் கழுத்திலும் படிந்தது. அவர் கைலேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்தினார். அப்போது அக்கா இத்தாலி மொழியில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதினால் இப்படித்தான் வரும்:

"மூக்கைப் பொத்தாதேங்கோ, இஞ்சினியர். ஒண்டும் செய்யாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மண்டபம் சிரித்தது. அவருக்குக் கைதட்டியவர்களும் சிரித்தார்கள். தூரி தள்ளாடியபடி போய், எடுத்த படங்களைத் தலைமை வகித்த அம்மையாருக்குக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலைதடுப்புத் தடையை எங்கள் துறையளவில் நீக்கிவிட்டார்கள். காற்று மாசு விதியை மேலும் ஆராயவேண்டும் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்காரர்கள் வந்து பட்டறையைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். கோடை முடியும்வரை அது திறக்கவில்லை. திறந்தபோது இஞ்சினியரின் இடத்தில் வேறொருவர் இருந்தார். நாங்கள் வென்றுவிட்டோம் என்று நான் சந்தோசப்பட்டேன். அக்கா சந்தோசப்படவில்லை. "வேலைதானே போனது" என்றார். அதற்குள் அவரால் இரண்டு மாடி ஏற முடியாமல் போயிருந்தது.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிறு, அந்த இஞ்சினியர் குடும்பத்தோடு எங்கள் உணவகத்துக்கு வந்தார். கடலைப் பார்த்த மேசை. நான் குசினி வாசலில் நின்று அக்காவுக்கு அழைத்துச் சொன்னேன். செய்யக்கூடாத காரியம்தான், இன்றைக்கும் அதே காரியத்தைச் செய்வேன். அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். அந்த வெயிலில், நின்று நின்று மூச்செடுத்தபடி மேசைவரை நடந்து வந்தார். "எனக்கு இன்னும் இருமல்தான், இஞ்சினியர். நீங்கள் வடிவாச் சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னார். பிறகு தெருவைக் கடந்து போய், எதிரே கடற்கரைச் சுவரில் அமர்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தமில்லை, சைகையில்லை. பார்த்தார், இருமினார், பார்த்தார். இஞ்சினியர் இடம் மாறி அமர்ந்தார். அவருடைய மகள் என்னவென்று கேட்டாள். வாட்டிய மீன் அப்படியே கிடக்க எழுந்து போனார்கள். முதலாளி என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்காவின் முகத்தில் இருந்த நிறைவை, அதற்கு முன்போ பின்போ நான் கண்டதில்லை.

"ரெண்டு வாய்தான் சாப்பிட்டவன்" என்றார். "பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முகத்தில் ஒட்சிசன் மூடி இருந்தது. அதை விலக்கி, "அவன் இப்ப எங்கை வேலை செய்யிறான்?" என்று கேட்டார். வேறொரு துறையில் ஒரு பட்டறைக்கு ஆலோசனை சொல்கிறாராம் என்றேன். "பாத்து வை" என்றார். அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அது. செபிக்கச் சொல்லவில்லை. மகளைப் பார்த்துக்கொள் என்றும் சொல்லவில்லை. ஷெரின் தன்னைத்தானே பார்த்துக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும்.

அடக்கத்தன்று பட்டறையின் பெயரோடு ஒரு பெரிய மலர்வளையம் வந்ததை நீங்கள் கண்டிருப்பீர்கள். பூசைக்கு நடுவே அது வெளியே போனதையும் கவனித்திருப்பீர்கள். சுவாமியார் பிரசங்கத்தில், மனக்கசப்புகளை இறந்தவரோடு புதைத்துவிடுவோம் என்று கேட்டுக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த ஷெரின் எழுந்தாள். வளையத்தைத் தூக்கி, நடுவழியால் எல்லோரும் பார்க்க நடந்து, தெருவில் குப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு வந்து அமர்ந்தாள். சுவாமியார் பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

போன ஞாயிறு, பட்டறையின் புதிய பொறுப்பாளர் அலைதடுப்புக்கு வந்தார். இளம் ஆள், மரியாதையானவர். சிஞ்ஞோரா ரெஜினாவுக்காக மிகவும் வருந்துவதாகச் சொல்லிக் கையை நீட்டினார். ஒதுக்கி வைத்த காற்று மாசு விதியைச் சொற்களை மாற்றி மறுபடி கொண்டுவரப் போகிறார்கள் என்று தூரி எனக்கு அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். அதைப் பற்றி அந்த இளைஞரிடம் கேட்டேன். அது மேலிடத்து விசயம் என்றார். கை நீட்டியபடியே இருந்தது.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய ஆறாத கோபம் ஒன்றைத்தான். அதை ஆற்றச் சொல்லி யாரும் என்னிடம் வரவேண்டாம். அடுத்த கூட்டம் நடக்கும்போது முன்வரிசையில் இருப்பேன்; அவரை நேசித்தோம் என்று சொல்கிறவர்கள் வந்து பக்கத்தில் இருங்கள்.

அந்தக் கையை நான் பிடிக்கவில்லை.