ஒரே திரையில் இரண்டு பேர்

வரி முகவர் உரிமத்தை முதன்முதலில் கையில் வாங்கியபோது, இனிப் பரீட்சைத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். பரீட்சைதான் இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தேன் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். குறைந்தால் உரிமம் இல்லை. உரிமம் இல்லாமல் யாருடைய வரிப் படிவத்திலும் நான் கையெழுத்துப் போட முடியாது. ஜோகூர் மாநிலத்துத் தங்காக் ஊரில் துணிக்கடைக்கு மேலே இருக்கும் என் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த முறை எனக்கு எட்டு மணி நேரம் குறைந்தது. அதை ஈடுகட்ட நான் பதிந்திருந்த இணைய வகுப்பு நடந்த அன்று காலையில் அலுவலகத்தில் இணையம் படுத்துவிட்டது. என்னோடு பரீட்சை எழுதிய தோழி பக்கத்து ஊரான சிகாமட்டில் அலுவலகம் வைத்திருக்கிறாள். அவளும் அதே வகுப்புக்குப் பதிந்திருந்தாள். காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளுடைய மடிக்கணினியில், அவள் பெயரில் நுழைந்து, இருவரும் உட்கார்ந்தோம். ஆள் இருக்கிறாரா என்று பார்க்க நடுநடுவே திரையில் கேள்வி வரும். அவள் போனில் பேசிக்கொண்டிருக்க, நான்தான் எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதிலை அமுக்கினேன். மற்ற நேரமெல்லாம் ஊர்க்கதையும், உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும்தான்.

சான்றிதழ் அவளுக்கு மட்டும் வந்தது. எனக்கு, 'நீங்கள் வகுப்புக்கு வரவில்லை' என்று ஒரு வரி மின்னஞ்சல். கோபம் தலைக்கேறியது. ஒரு சொல் விடாமல் கேட்டேன் என்று இரண்டு கடிதம் எழுதினேன். நுழைந்த பெயர்தான் செல்லும் என்று பதில் வந்தது.

"என் சான்றிதழ்ல பேர மாத்திக்கோ லா. யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் தோழி.

"ரசீதுல பேர மாத்திக் கொண்டு வர்ற ஆளுங்கள நான் எத்தன தடவ திட்டியிருக்கேன் தெரியுமா?" என்றேன். ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, அதே வகுப்பை ஜோகூர் பாருவில் நேரில் நடத்தினார்கள். முறைத்த முகத்தோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். இணையத்தில் வரித்துறைக்கு அனுப்பும் விற்பனைப் பட்டியலான இ-இன்வோய்ஸில் தவறு இருந்தால் என்ன செய்வது என்று பயிற்சியாளர் கேட்டார். எல்லோருக்கும் முன்னால் கை தூக்கினேன். "எப்ப வேணும்னாலும் ரத்து பண்ணிட்டு புதுசா அனுப்பலாம்."

"மூணு நாளைக்குள்ளதான் மேடம் ரத்து பண்ண முடியும்," என்றார் அவர் மரியாதையாக. "போன மாசம் ஆன்லைன் வகுப்புலயும் இதச் சொன்னோமே?"

காது சூடாகிவிட்டது. ஆயர் ஈத்தாமில் பூச்சட்டி மொத்த வியாபாரம் செய்யும் என் வாடிக்கையாளர் தான் அனுப்பிய ஒன்றில் தவறு என்று முந்தின வாரம்தான் இதையே கேட்டிருந்தார். அவசரமில்லை, மெதுவாகச் செய்யலாம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். உரிமத்துக்குத் தேவையான எட்டு மணி நேரம் அன்று மாலைக்குள் கிடைத்துவிடும். அவருக்கான மூன்று நாள்தான் போய்விட்டது. மதிய இடைவேளையில் வெளியே வந்து அவரை அழைத்தேன்.

"நான் தப்பா சொல்லிட்டேன் அண்ணே."

"அதுவா மேடம்? நீங்க மெதுவா பண்ணலாம்னுதான் சொன்னீங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. அன்னைக்கே ரத்து பண்ணிட்டேன்."

இத்தனை வருடத் தொழிலில், என் பேச்சைக் கேட்காத ஒரு வாடிக்கையாளருக்கு அன்றுதான் முதன்முதலாக நன்றி சொன்னேன்.