மதகுக் குழாயின் இரண்டு வாய்கள்

வவுணதீவுப் பக்கத்து வயல்வெளியில், அந்த வட்டையிலேயே எங்கள் வயல்தான் ஆகத் தாழ்ந்த துண்டு. மேலே பெய்கிற தண்ணீரெல்லாம் எங்கள் வயலில் வந்து நின்று, றோட்டுக்குக் கீழே போகிற ஒரு மதகுக் குழாயால்தான் வாவிக்கு இறங்கும். குழாய் அடைத்தால் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, எங்கள் பயிர்தான் தாழும். அதனால் மாரிக்கு முன்னம் அதைத் துப்புரவாக்குவது எங்கள் வீட்டு வேலையாகவே இருந்தது.

அது தனி ஆளால் ஏலாத வேலை. கயிற்றின் நடுவில் இலந்தை முள்ளைக் கட்டாகக் கட்டிக் குழாய்க்குள் விட வேண்டும். றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று மாறி மாறி இழுத்தால் வைக்கோலும் சம்புப் புல்லும் சேறும் கிளம்பி வரும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. குழாய் வாயில் குனிந்துதான் கதைக்க வேண்டும்.

கலியாணமான புதிதில் நான் என் புருஷனோடு நிமிர்ந்து பேசமாட்டேன். அந்தக் குழாய்க்குள் மட்டும் எனக்கு வாய் வந்தது.

"இழுங்க, கை நோகுது," என்பேன்.

"வீட்டில ஊமை, குழாய்க்குள்ள கோட்டில வாதாடுற பெரிய புறக்டர்தான் நீ," என்று அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பார்.

ஒரு வருசம் விதைத்து முளை கண்ட கையோடு அவருக்குக் காய்ச்சல் வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிரோடு திரும்பவில்லை. செத்த வீட்டுக்கு வந்த மாமி, அவரைப் பெத்த தாய், எனக்குத் துணையாக என்னோடேயே தங்கிவிட்டார். மாமி அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், மாட்டைக் கட்டினார். "கல்லு மனிசிகா," என்று சனம் என் காது கேட்கவே கதைத்தது.

முப்பத்தோராம் நாள் சடங்கு கழியுமுன் மாரி பிடித்துக்கொண்டது. குழாய் துப்புரவாக்காமலே கிடந்தது. மழை விட்ட ஒரு காலையில் மாமி வயலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நுனி மட்டும்தான் தெரியுது, மகள். இன்னும் ரெண்டு நாள் தண்ணி நிண்டா பயிர் அழுகிரும். அவன் கையால எறிஞ்ச நெல்லு."

"ஆரைக் கூப்பிடுற, மாமி?"

"ஆரும் வேணாம். கயித்தை எடு."

செத்த வீட்டுத் துடக்கோடு றோட்டில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வயல் பக்கம் இறங்கினேன். மாமி வாவிப் பக்கம் போனார். நீண்ட மூங்கிலால் குத்திக் குத்திக் கயிற்றை அவர் பக்கம் தள்ளினேன். முள்ளுக்கட்டு உள்ளே போனது.

நான் இழுத்தேன். மாமி இழுத்தார். கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் உடைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். குனிந்து காதை வைத்தேன். மாமி அழுதுகொண்டிருந்தார்.

"என்ட மகனே, இந்தக் கயித்தைப் புடிக்க நீ இல்லாமப் போனியே..."

கயிற்றை இழுக்கும்போது அவர் அழுகை நின்றது, விடும்போது வந்தது. அவர் இழுக்க விட்டேன், விட இழுத்தேன்.

கடைசியில் அடைப்புக் கிளம்பிக் கறுத்த தண்ணீர் குழாய்க்குள் இறங்கத் தொடங்கியது. முள்ளுக்கட்டை வெளியே எடுத்திருக்கலாம். அந்தப் பக்கம் அழுகை ஓயவில்லை, அதனால் எடுக்கவில்லை. இன்னும் ஒருதரம் உள்ளே விட்டேன், பிறகும் விட்டேன். தண்ணீரின் இரைச்சல் கூடிக்கூடி வந்து அவர் குரலை மூடியது. அதற்குப் பிறகுதான் கயிற்றைச் சுருட்டினேன்.

மாமி றோட்டுக்கு ஏறி வந்தபோது முகமெல்லாம் சேறாக இருந்தது.

"போவம், மகள். மாட்டுக்குத் தண்ணி வைக்கல்ல," என்றார்.

பாதிப் பயிர் அழுகிப் போனது. மிஞ்சியதை வெட்டினோம். புது அரிசியில் வடித்த முதல் சோற்றை மாமிக்குத்தான் போட்டேன். வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு ஒரு வாய் தின்றுவிட்டு, மிச்சத்தை என் சோற்றுக் கோப்பைக்குள் தள்ளினார்.