பைக்குள் இருந்த ஆண்டு

எதையும் நோண்டிப் பார்க்காமல் விடாத குணம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. மணிக்கூட்டைக் கழற்றி அடி வாங்கியிருக்கிறேன். அந்த அடியோடு புத்தி வந்திருக்கலாம், வரவில்லை.

வேலணையில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பட்டாளத்துப் பை இருந்தது. தடித்த பருத்தி நெசவு, பித்தளைக் கொளுக்கிகள், தோளில் மாட்ட அகலமான பட்டி. அது அப்பாவின் பை. அப்பா மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்தவர். யப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோன இடத்தில் காய்ச்சலில் இறந்துபோனார் என்று, யுத்தம் முடிந்து திரும்பிய புங்குடுதீவுக்காரர் ஒருவர் வந்து சொன்னார். அவரும் அப்பாவும் மலாயாவில் ஒரே அறையில் இருந்தவர்கள். இறந்தபோது அப்பாவின் தலைமாட்டில் கிடந்தது என்று அந்தப் பையைத் தந்தார். இறந்த திதியையும் சொன்னார்: ஆவணித் தேய்பிறைத் தசமி. குருக்கள் தர்ப்பையால் ஓர் உருச் செய்து, பக்கத்தில் பையை வைத்துக் கிரியைகளை முடித்தார். அம்மா தாலியைக் கழற்றினார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, எனக்கு ஆறு.

அதன்பிறகு ஒவ்வோர் ஆவணியும் அந்தத் தசமியில் அம்மா விரதமிருந்து சமைத்துப் படைப்பார். படையலுக்குப் பக்கத்தில் பையும் இருக்கும். முதலில் நாள் முழுக்க அழுவார். பிறகு படைக்கும்போது மட்டும் அழுவார். நான் வேலைக்குப் போன காலத்தில், வந்த பெண்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டே கத்தரிக்காய் வெட்டினார். அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு விளங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு பண்டசாலையில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. அங்கே ஒரு மூலையில் பழைய யுத்தகாலத்துச் சாமான்கள் குவிந்து கிடந்தன. இடுப்புப் பட்டிகள், தோட்டாப் பைகள், தண்ணீர்ப் போத்தல் உறைகள். புரட்டிப் பார்த்தால் உட்புறத்தில் ஓர் அம்புக்குறியும் சில எழுத்துகளும் ஆண்டும் கறுப்பு மையில் அடித்திருந்தன. எனக்கு விசர் பிடித்துவிட்டது. பட்டாளத்தில் இருந்த ஒரு பறங்கியரிடம் ஞாயிறுதோறும் போய்க் கேட்டேன். இங்கிலாந்தில் ஒரு நூதனசாலைக்குக் கடிதம் எழுதினேன். எது அங்கே நெய்தது, எது இந்தியாவில் தைத்தது என்று பார்த்த உடனே சொல்லப் பழகினேன். கூட வேலை செய்தவர்கள் எனக்குப் பட்டாளத்தார் என்று பட்டம் வைத்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

அடுத்த ஆவணிக்கு லீவில் வந்தபோது அப்பாவின் பையை இறக்கினேன். மூடியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் பிடித்தேன். இந்தியாவில் செய்தது. அடித்திருந்த ஆண்டு, யுத்தம் முடிவதற்கு முந்திய ஆண்டு. அப்பா இறந்து ஒரு வருடத்துக்குப் பிறகு செய்த பை எப்படி அவருடைய தலைமாட்டில் கிடக்கும்?

பையையும் தூக்கிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிப் புங்குடுதீவுக்குப் போனேன். அந்த மனிதர் வயதாகி, கண் மங்கி, கதிரையில் இருந்தார். பையை மடியில் வைத்துவிட்டு ஆண்டைச் சொன்னேன். அவர் பட்டியைத் தடவிப் பார்த்தார்.

"அவரை லொறியிலை ஏத்தினதைத்தான் தம்பி நான் கண்டனான். பிறகு ஒண்டும் தெரியாது. உம்மடை அம்மாவிட்டை வெறுங்கையோடை வர எனக்கு ஏலாமல் கிடந்தது. வாற வழியிலை சிங்கப்பூர்ச் சந்தையிலை வாங்கினனான்."

திதியைக் கேட்டேன்.

"திதி இல்லாமல் கிரியை செய்ய ஏலாதெண்டு குருக்கள் கேட்டார். வாயிலை வந்ததைச் சொல்லிப்போட்டன்."

அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். நான் கையை உதறிவிட்டு வந்தேன். கடலுக்கு நடுவே போட்ட தாம்போதியால் பஸ் வரும்போது, உண்மையை அறிய அம்மாவுக்கு உரிமை உண்டு என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். இப்போது ஒத்துக்கொள்கிறேன். என் கெட்டித்தனத்தை யாருக்காவது சொல்ல வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

அம்மா குசினியில் மறுநாள் திவசத்துக்கு உழுந்து கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்ப, அவர் செத்ததை ஒருத்தரும் காணேல்லை?"

"இல்லை, அம்மா."

உழுந்தை மூடி வைத்துவிட்டுக் கை கழுவினார். குருக்களை வர வேண்டாம் என்று ஆளனுப்பினார். உயிரோடு இருக்கிறவருக்கோ இத்தனை வருடமும் எள்ளுத்தண்ணீர் இறைத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அம்மா காத்திருக்கத் தொடங்கினார். மலாயாவுக்கு எழுதச் சொன்னார், எழுதினேன். பதில் வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்குப் படலையில் நிற்பார். கிடுகு வீட்டுக்கு ஓடு போட்டது அப்பாவுக்குத் தெரியாதே, வந்தால் அடையாளம் பிடிப்பாரோ என்று யோசிப்பார். சாப்பாடு குறைந்தது, சிரிப்பு நின்றது. லீவில் வரும்போதெல்லாம் என்னிடம் ஒரே கேள்விதான்.

"பையின்ரை ஊரைக் கண்டுபிடிச்ச உனக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஏலாதோ?"

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அழுது தீர்த்த ஒரு துக்கத்தை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு, தீர்க்க முடியாத ஒன்றைக் கொடுத்தவன் நான். கடைசிவரை அவர் அப்பாவுக்குத் திவசம் செய்யவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்று பொட்டு வைக்கவும் இல்லை.

எண்பதுகள் பிறந்த கையோடு அம்மா இறந்துபோனார். குளிப்பாட்டிச் சீலை உடுத்திய பிறகு, பக்கத்து வீட்டு அக்கா குங்குமச் சிமிழைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அம்மாவுக்குப் பொட்டு வைக்கிறதோ?"

பெண்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தேன். நேரமாகிறது, எடுக்க வேண்டும் என்று முற்றத்தில் யாரோ சொன்னார்கள். அக்கா இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சிமிழை மூடினார்.