ஜக்கம்மா அத்தையின் வெள்ளிக்கால்

டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் ஜக்கம்மா அத்தை செருப்பைக் கழற்றிவிடுவார். சேலைக் கரையைக் கொஞ்சம் மேலே இழுத்து, பக்கத்தில் இருப்பவர் பார்க்கும்படி இரண்டு பாதங்களையும் முன்னால் நீட்டிவைப்பார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பத்துக்குப் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து நான் பார்த்துவந்த பழக்கம் இது. அலுப்புக்காகச் செய்கிறார் என்றுதான் கல்லூரி முடிக்கும்வரை நினைத்திருந்தேன்.

அத்தை எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இடுப்புக்கு மேலே ஒடிசலான ஆள். கீழே இரண்டு கால்களும் கணுக்கால்வரை தூண்கள். லேசாக இடித்தாலே கன்றிப்போகும். பொழுது சாயும்போது ஈரமூட்டையைக் கட்டிவிட்டதுபோல் கனக்கும், வலிக்கும். யானைக்கால் என்று நினைத்துச் சிலர் தள்ளி உட்காருவார்கள். யானைக்கால் என்றால் பாதமும் வீங்கியிருக்கும். அத்தையின் பாதங்களோ சின்னஞ்சிறியவை. பஸ்ஸில் அவர் நீட்டிவைத்தது தன் தரப்புச் சாட்சியை.

இதை நான் தெரிந்துகொண்டது 2008இல். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். மதுரையில் டாக்டர் ஞானதுரை ஒரு சத்து மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதில் தற்காலிக வேலை கிடைத்தது. இப்படிக் கால் உள்ள பெண்களைத் தேடிப்பிடித்து, நாடாவால் அளந்து, வலி எப்படியிருக்கிறது என்று மாதாமாதம் கேட்டுவர வேண்டும். கொழுப்பு கால்களில் மட்டும் தேங்கும் இந்த நோய்க்கு லிப்பிடீமா என்று பெயர். பட்டினி கிடந்தாலும் அது கரையாது.

பெயரைச் சொன்னதும் அத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். “எம்புட்டு அழகான பேரு! இத்தன வருசமா என்னயத் தூணுன்னுல்ல கூப்பிட்டாக.”

மாத்திரை திராட்சைக் கொட்டையிலிருந்து எடுத்தது என்றேன். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவரிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நாங்க துப்புன கொட்டையப் பொடிச்சு, குப்பியில அடச்சு, எங்களுக்கே குடுக்காகளா?”

சிரித்தாலும் அவருக்கு அது தேவையாக இருந்தது. திராட்சைப் பந்தலின் கீழே நாள் முழுக்க நின்று, அண்ணாந்து பார்த்துக் குலை வெட்ட வேண்டும். கால் தாங்கவில்லை என்று தோட்டத்துக்காரர் சுருளியாண்டி அவரைப் பெட்டி அடுக்கும் கொட்டகைக்கு மாற்றியிருந்தார். கூலி குறையவில்லை. ஆனால் ஊர்க் கதை, பாட்டு, வம்பு எல்லாம் பந்தலுக்குள். கொட்டகையில் அத்தையும் பெட்டிகளும்தான். “மறுபடி பந்தலுக்குள்ள சாயங்காலம்வரைக்கும் நின்னேன்னா, வெள்ளியில ஒரு காலு செஞ்சு போடுறேன்” என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

ஊரில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். டாக்டரே வந்து விளக்கினார். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதேபோல் இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. கூடவே எல்லாரும் இரவில் காலைத் தலையணைமேல் உயர்த்திவைக்க வேண்டும், சாயங்காலம் வாய்க்காலில் நிற்க வேண்டும். நால்வரும் சரி என்றார்கள்.

மூன்றாவது மாதம் அளக்கப் போனபோது அத்தை கொட்டகையில் இல்லை. பந்தலுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. வெயில் இறங்கியும் கத்தரியோடு நின்றுகொண்டிருந்தார். “ஜக்கம்மா வந்துட்டா, இனி குலை வெட்டுனாப்புலதான்” என்று சுருளியாண்டி தலையில் கைவைத்தார். “நீரு பேசாம இரும், ஓய். பேச்சு ஓடுனாத்தான் கை ஓடும்” என்று பந்தலே பதில் சொன்னது. நாடாவை வைத்தேன். பருமனில் மாற்றமில்லை. வலி மட்டும் பாதியாகிவிட்டது என்றார். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நால்வரில் ஒருத்தியான பவுனு பக்கத்தில் நின்றாள்; அவளிடம் மீதி மாத்திரையைக் காட்டச் சொன்னேன். அத்தை குறுக்கிட்டார்.

“அவ குப்பியப் பாத்தா என்ன, எங்குப்பியப் பாத்தா என்ன? எல்லாம் ஒண்ணுதான்.”

“எப்படி அத்த ஒண்ணாகும்?”

“சொளகுல கொட்டிக் கலந்து பகுந்துக்கிட்டோம்ல. இந்தப் பவுனு, தனக்கு மாவுதான் வந்திருக்கும், தன் ராசி அப்பிடின்னு மொத நாளே மூக்கச் சிந்துனா. ஒருத்தி திங்க ஒருத்தி பாக்குறதா?”

“யாருக்கு எதுன்னு தெரியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே!”

“சொன்னாக. அதான் ஒருத்தருக்கும் தெரியாம பண்ணிட்டோமே, ஆத்தா!”

டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தார். நான்கு பேரையும் சோதனையிலிருந்து எடுத்துவிட்டார். மாத்திரை நின்றது. அத்தை பந்தலைவிட்டு வரவில்லை.

கடைசியில் மதுரையில் வந்த முடிவும் தெளிவாக இல்லை. ஏதோ வித்தியாசம் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல ஆட்கள் போதாது என்றார் டாக்டர். அத்தையின் வலியைக் குறைத்தது எது என்று எனக்கும் தெரியவில்லை. மாத்திரையா, தலையணையா, வாய்க்கால் தண்ணீரா, இந்தக் காலுக்கும் ஒரு பெயர் உண்டு, கேட்க ஓர் ஆள் வருகிறாள் என்பதா?

அத்தைக்கு இது வேறு மாதிரிச் சிக்கல். கம்பத்தில் சொல்லி வெள்ளிக்கால் செய்துவிட்டார். ஆசாரி முதலில் செய்தது எல்லாருக்கும் செய்கிற கால். திருப்பிக் கொடுத்துவிட்டார். “கெண்டக்காலு பருமனா இருக்கட்டும். பாதம் மட்டும் சின்னதா வேணும். அப்பத்தான் ஆத்தாளுக்கு இது ஜக்கம்மா காலுன்னு தெரியும்.” அப்படியே செய்து வந்தது. ஆனால் கோயிலுக்குப் போகவில்லை.

“போட்டுர வேண்டியதுதானக்கா, சாமி வேணாம்னா சொல்லப்போகுது?” என்று பவுனு கேட்பாள்.

“திராட்சக் கொட்ட செஞ்ச வேலைக்கு ஆத்தாளுக்குக் கூலி குடுத்தா, அவளுக்கே கூச்சமா இருக்காதாடி? யாருன்னு தெரியட்டும்.”

இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கும் வீரபாண்டிக்கு ஒன்றாகத்தான் போனோம். சன்னதியில் கைகூப்பி, “மதுரையில இன்னும் சொல்லல, ஆத்தா” என்று அம்மனிடம் தவணை கேட்டார். திரும்பும் பஸ்ஸில் செருப்பைக் கழற்றிக் கால் நீட்டினார். வெள்ளிக்கால் அவர் வீட்டு அரிசிப் பானைக்குள் கிடக்கிறது. இப்போதெல்லாம் அத்தை திராட்சை தின்றால் கொட்டையைத் துப்புவதில்லை.