நாக்கில்லாத மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஜின் கதைக்கே சிரிக்கிறவன் நான், என் அத்தா அதற்காகவே என்னைத் திட்டுவார். கள்ளக்குறிச்சியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கடையில் ஓட்டம் இல்லாததால் பழைய பித்தளை, வெண்கலச் சாமான்களை ஆன்லைனில் விற்கிறேன், இப்போது வீட்டில் அடுப்பு எரிவதே அதில்தான்.

வெள்ளிமலைப் பக்கம் சின்னையன் என்ற விவசாயியிடம் ஒரு மாட்டுக் கழுத்து மணி வாங்கி, கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு அனுப்பினேன். கையில் கிடைத்ததும் போலி என்று புகார் போட்டுவிட்டார்.

"நீங்க அனுப்பின பேக்கிங் வீடியோல மணி அடிக்குதுங்க. வந்ததுல நாக்கே இல்லைங்க. மாத்தி அனுப்பிட்டீங்க" என்றார்.

என் மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது, இதுவும் நிலைத்தால் விற்பனைக் கணக்கையே மூடிவிடுவார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் வாங்கும்போதே அந்த மணிக்கு நாக்கு கிடையாது. வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மணியைச் சாய்த்து உள்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டுகிறேன், காலியாக இருக்கிறது. ஆனால் சத்தம் வந்துகொண்டே இருக்கிறது, மாடு நடக்கிற மாதிரி நிதானமாக. பேக் செய்தபோது என் காதில் எதுவும் விழவில்லை.

நாக்கில்லாமல்தான் விற்றேன் என்று சின்னையன் வாயாலேயே சொல்லவைத்து, வீடியோ எடுத்து அனுப்பலாம் என்று மறுநாள் காலை மலைக்குப் பஸ் ஏறினேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"எங்க வூட்ல மாடு செத்தா மணி நாக்க கழட்டி அதுங்கூடவே பொதைச்சிடுவோம் பாய். சத்தம் அதோட போயிடணும்."

அதை அப்படியே செல்போனில் பிடித்துக்கொண்டு, பேக்கிங் வீடியோவையும் போட்டுக் காட்டினேன். திரையை அவர் பார்க்கவே இல்லை. எழுந்துபோய்க் குடத்தை எடுத்து மாட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றினார்.

"இன்னா பண்றீங்க?" என்றேன்.

"தண்ணிக்கு வந்துக்கினு இருக்குது."

சின்னையன் பேசியதைப் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர் புகாரை வாபஸ் வாங்கிவிட்டார், மணியையும் வைத்துக்கொண்டார். கணக்கு தப்பியது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டார்.

சத்தத்தைச் செல்போன் கோளாறு என்று தள்ளிவிடலாம். சின்னையன் செய்ததைப் பழக்கதோஷம் என்று சொல்லலாம். ஆனால் அன்று மலையில், செத்த மாட்டின் ஜோடி மாடு அந்தத் தொட்டியில் குடித்துக்கொண்டிருந்தது. வீடியோ முடிந்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் அது தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னொரு மாடு நிற்கிற அளவுக்கு ஒதுங்கி இடம் விட்டுவிட்டு, மறுபடி குடித்தது.