விஜிதரன் எழுதிய பதில்

இணையத்தில் கெட்டுப்போன பெயர்களைச் சரிசெய்வதுதான் விஜிதரனுக்குப் பிழைப்பு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, செங்கலடிச் சந்தியில் போன் பேசவும் இணையம் பார்க்கவும் ஆட்கள் வரும் ஒரு கொமினிகேஷன் கடையின் பின்னறையில் கணினியோடு குந்தியிருந்தான். யுத்தம் முடிந்து இரண்டு வருடம். கடலோரமெங்கும் விடுதிகள் முளைத்த காலம். வெள்ளைக்காரன் தன் ஊருக்குத் திரும்பிப் போய், இணையத்தில் 'குளிக்கத் தண்ணீர் இல்லை' என்று நாலு வரி எழுதினால் போதும், முதலாளிமார் தலையில் கைவைத்தபடி இவனிடம் ஓடி வருவார்கள். இவன் பணிவாக ஒரு பதில் எழுதி ஆளைக் குளிரவைப்பான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று யார் சொன்னது? அந்தக் கெட்டித்தனம்தான் ஒரு குடும்பத்தை நாசமாக்கியது.

வாகரைப் பக்கம் உதயரூபன் என்பவருக்கு ஒரு விடுதி இருந்தது. அங்கே சமைத்தவள் அன்னப்பூரணி. புருஷன் கட்டாரில், சுனாமி வந்த நாளிலும் அங்கேதான். பிள்ளைகள் இல்லாமல் போன வீட்டில் தனியே இருக்க ஏலாமல்தான் அவள் வேலைக்கு வந்தாள். நத்தார், அதாவது கிறிஸ்மஸ், விடுமுறைக்கு வந்த ஒரு சோடி, 'சமையல்காரி கடற்கரையில் ஒப்பாரி வைத்து எங்கள் விடுமுறையையே கெடுத்துவிட்டாள்' என்று எழுதிப்போட்டது. டிசம்பர் இருபத்தாறில் அந்தக் கரையில் அழாமல் அவள் வேறென்ன செய்வாள்? உதயரூபன் கொதித்துப்போனார்.

"விஜி, இதைச் சரியாக்கித் தா. இல்லாட்டி அவவை வேலையால நிப்பாட்டப் போறன்."

விஜிதரன் அவளைக் காப்பாற்றத்தான் போனான், அது சத்தியம். குசினி வாசலில் சோறு போட்டுக் கொடுத்தவளிடம் மெல்லக் கேட்டான். ஏழு வருடம் யாருக்கும் சொல்லாததை அவனுக்குச் சொன்னாள்.

"ரெண்டு பேரையும் ரெண்டு கையில புடிச்சிருந்தன் தம்பி. தென்னையைப் புடிக்க ஒரு கை வேணுமே. சின்னவள்ட கையை நான்தான் விட்டன். பிறகு தண்ணி மூத்தவளையும் பறிச்சிட்டுது."

அவனுக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு போய் ஆங்கிலத்தில் எழுதினான். விதுர்ஷா, மேனுகா என்ற பிள்ளைகளின் பெயர்கள், வயது, விட்ட கை, எல்லாவற்றையும் எழுதினான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு ஆங்கிலமா தெரியும், எங்கே பார்க்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டான், பாவி!

அடேயப்பா, அந்தப் பதில் ஓடிய ஓட்டம்! திட்டியவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். விடுதி நிறைந்தது. வந்தவர்கள் அவளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். அவளும் ஏனென்று விளங்காமல் சிரித்தாள். யாரோ அதைத் தமிழிலும் போட்டார்கள்.

மாசி மாதம் உதயரூபன் விஜிதரனுக்குப் போன் எடுத்தார். "அன்னப்பூரணி வேலைக்கு வாறல்ல. நீ எழுதினதை அவட புருஷன் பாத்திட்டானாம்."

விஜிதரன் உடனே பதிலை அழித்தான். அது அதற்குள் நூறு இடத்தில் கிடந்தது. எல்லாருடைய பெயரையும் கழுவிக் கொடுத்தவனுக்கு இதைக் கழுவ வழி தெரியவில்லை. பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனான்.

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ரெண்டு பேரையும் என்ட கையில இருந்து அலைதான் பறிச்சது எண்டு அவருக்குச் சொல்லியிருந்தன் தம்பி. அதை நம்பித்தான் மனிசன் இவ்வளவு காலமும் என்னோட சீவிச்சவர்."

"இப்ப என்னக்கா சொல்றார்?"

"கையை விடக்குள்ள சின்னவள் என்னைப் பாத்தவளா எண்டு மட்டும் கேட்டார். ஓம் எண்டன். போனை வைச்சிட்டார்."