குலுக்கைக்குள் இருந்து வரும் பாட்டு

நான் இங்கே மஸ்கட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். குழாய் வராத வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்த் தொட்டியில் விடுவது வேலை. முதலாளி வயதான அரபிக்காரர். அர்பாப் என்றுதான் கூப்பிட வேண்டும். சில நாள் அவரும் லாரியில் ஏறிக்கொள்வார். அப்படி ஒருநாள் வந்தபோது டேப்பில் என் சம்சாரம் பாடிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் சட்டென்று சிகரெட்டை அணைத்தார். இரண்டு கையையும் மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிகிறவரை ஆடவில்லை, அசையவில்லை. முடிந்ததும், "துவா?" என்று மெதுவாகக் கேட்டார். துவா என்றால் பிரார்த்தனை. பெரிய மண்டபத்தில் நின்று ஓதுகிற மாதிரி ஒரு முழக்கம் அந்தப் பாட்டில் உண்டு, அதனால் கேட்டிருப்பார். ஆனால் அது எங்கள் வீட்டுக் கோழி அடுத்த வீட்டில் போய் முட்டை போடுவதைப் பற்றிய பாட்டு. அதை விளக்குகிற அளவுக்கு எனக்கு அரபி வராது. தலையை ஆட்டிவிட்டேன். சாமி விஷயத்தில் பொய் சொல்லக் கூடாதுதான். கோழியும் சாமி படைத்ததுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து கோழிப் பாட்டு ஓடினால் அர்பாப் சிகரெட்டைத் தொடுவதில்லை.

அந்த முழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஊர் திருவாதவூருக்குப் பக்கம். கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டுக்குள் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண் குலுக்கை நிற்கிறது. நெல்லை, ஆள் இறங்குகிற அளவு அகலமான மேல்வாய் வழியாகக் கொட்டித் தகர மூடியால் மூடி வைப்போம். அடியில் இருக்கும் சிறு துவாரத்தில் வேண்டியதை எடுத்துக்கொள்வோம். நான் விமானம் ஏறிய வருசம் அதில் ஒரு மணி நெல் கிடையாது. தட்டினால் கோயில் மணி மாதிரி கேட்டது. அந்தக் குலுக்கை நிறைய வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன். இங்கே யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. அரிசி கப்பலில் வருகிறது, தண்ணீர் லாரியில் வருகிறது. இங்கே மழை பெய்தால், நம்மூரில் சாலை மறியல் செய்கிறவர்களைப் பார்ப்பது போல ஜனங்கள் வெளியே வந்து நின்று பார்க்கிறார்கள்.

என்னோடு அறையில் இருப்பவர் சுலைமான் அண்ணன், மேலூர்க்காரர். அவர் லீவில் போனபோது வீட்டுக்கு ஒரு டேப்ரிக்கார்டர் கொடுத்துவிட்டேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எழுத வராத வீடுகளுக்குக் கேசட்தான் கடுதாசி. முதல் கேசட்டில் அப்பா கடுதாசி எழுதுவது போலவே, "இப்பவும் நாங்கள் இங்கு நலம், உன் நலம் அறிய அவா" என்று ஆரம்பித்தார். அம்மா, எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேனா என்று கேட்டாள். கடைசியாக என் சம்சாரம் ராக்கம்மாள், கதவுக்குப் பின்னால் நின்றிருப்பாள் போல, "நல்லாருக்கேன். உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். அவ்வளவுதான். அவள்மேல் குற்றம் இல்லை. மாமனார் மாமியார் சுற்றி உட்கார்ந்திருக்க ஒரு பெட்டியைப் பார்த்துப் புருசனிடம் என்ன பேசுவாள்? நானும் பதிலுக்கு, "எல்லாரும் உடம்பப் பாத்துக்கங்க" என்று பொதுவாகத்தான் பேச முடிந்தது. கல்யாணமான மறுவருசமே கிளம்பி வந்தவன் நான். இப்படியே போனால் என் சம்சாரத்துக்கும் எனக்கும் நடுவில் உடம்பைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன்.

இரண்டாவது கேசட்டை நிறுத்த மறந்துவிட்டேன், பின்பக்கமும் தானாகத் திரும்பி ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று தகர மூடி இழுபடும் சத்தம். பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல் பாடியது.

நம்ம வீட்டுக் கோழி
அடுத்த வீட்டுல முட்டை போடுது
மேயிறது ஒரு வாசல்
அடையிறது ஒரு வாசல்
கேக்கலாம்னு போனேன்
கோழிக்கும் எனக்கும் பேச்சில்ல

நடுவில் தூரத்தில் எங்கள் அம்மா, "ஏ ராக்கு, எங்கிட்டுப் போயித் தொலைஞ்ச?" என்று கூப்பிடுகிறாள். பாட்டு நிற்கிறது. மூச்சு மட்டும் கேட்கிறது. அம்மா போனதும் கொஞ்சம் மெதுவாக மறுபடி தொடங்குகிறது. தகர மூடியும் முழக்கமும் எனக்கு இடத்தைச் சொல்லிவிட்டன. ஆளும் பேரும் நிறைந்த வீட்டில் அவளுக்குத் தனியாக இருக்கக் கிடைத்த இடம் அந்தக் காலிக் குலுக்கைதான். பேச்சாகச் சொன்னால் யார் யாரிடம் சொன்னது என்று கேள்வி வரும். பாட்டை யாரும் அப்படிக் கேட்பதில்லை. எல்லாம் அவளே கட்டின பாட்டு.

"கோழியப் பத்தி நல்லாத்தான் பாடியிருக்கா" என்றேன் நான்.

சுலைமான் அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "கோழியப் பத்தி இல்ல மாப்ள. நீதான் கோழி" என்றார்.

நான் கேசட்டை முதலிலிருந்து போட்டேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஒவ்வொரு கேசட்டின் பின்பக்கமும் அவளுடையது. பக்கத்துத் தெரு மைக்செட், புளி உலுக்கப் போனது, நான் விட்டுவந்த செருப்பை நாய் தூக்கிப்போனது என்று எல்லாவற்றுக்கும் பாட்டு. சுலைமான் அண்ணன் பிரதி எடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் மற்றவர்களுக்குக் கொடுக்க, கம்பெனி குடியிருப்புகளில் 'குலுக்கைப் பாட்டு' என்று பேர் பரவிவிட்டது. கேசட் கடை வைத்திருந்த மலையாளி ஒருவர், "எக்கோ நல்லா வந்திருக்கே, எந்த ஸ்டுடியோ?" என்று கேட்டார். குலுக்கை என்றேன். "மெட்ராஸிலா?" என்றார். வாதவூர்ப் பக்கம் என்றேன். மரியாதையாகத் தலையசைத்தார். இந்தச் சேதியைச் சுலைமான் அண்ணனின் வீட்டம்மா மேலூர்ச் சந்தையில் ராக்குவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த பாட்டுக்கு முன்னால் முதல் தடவையாகப் பேச்சு வந்தது: "கூட இருக்கவுகளும் கேக்குறாகளாமே. மொதல்லயே சொல்லியிருந்தா தொண்டையச் செருமிட்டுப் பாடியிருப்பேன்ல."

எங்கள் அறையில் வாதவூர் சாமி படம் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. குளித்து விபூதி பூசி விளக்கேற்றி, ஊரில் மழை பெய்ய வேண்டும் என்று கும்பிடுவேன். வேறு எதுவும் கேட்பதில்லை. சாமியும் காது கொடுத்துக் கேட்டார். அந்த வருசம் கண்மாய் நிரம்பி மறுகால் போயிற்று. தை கழிந்து வந்த கேசட்டில் அப்பாவின் குரல் வழக்கத்தைவிட உயர்ந்து இருந்தது. "குலுக்கை வாய் வரைக்கும் நெல்லுய்யா! மூடிய மூட முடியல." அம்மா சந்தோசத்தில் அழுதாள். ராக்கு கதவுக்குப் பின்னாலிருந்து, "நெல்லு நிறைய வந்திருச்சு. உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். பின்பக்கத்தைப் போட்டேன். கடைசிவரை உஸ் என்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது.

"மழைக்கு யாரு மாப்ள வேண்டிக்கிட்டது?" என்று கேட்டார் சுலைமான் அண்ணன்.

"நான்தாண்ணே."

"போயி வாபஸ் வாங்கு."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. குலுக்கை நிறைய வேண்டும் என்று வந்தவன், நிறைந்துவிட்டது என்று எப்படி வருத்தப்படுவேன்? அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றிவிட்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில், உங்களுக்கே தெரியும் சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இன்னும் இரண்டு கேசட் வெறும் பின்பக்கத்தோடு வந்தன. லாரியில் பழைய பாட்டையே ஓடவிட்டு நாடா தேய்ந்து குரல் கரகரத்தது. பாட்டு எங்கே என்று வீட்டுக்குக் கேட்கவும் வழியில்லை, நான் பேசுவதை எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். யோசித்து யோசித்து, என் கேசட்டின் முடிவில் ஒரு வார்த்தை கேட்டேன்: "நம்ம கோழி எப்படி இருக்கு? சத்தமே காணோமே."

பதில் வந்தது. அப்பா கோழியைப் பற்றி விவரமாகச் சொன்னார். அடை காக்கிறதாம், சத்தம் நன்றாகத்தான் போடுகிறதாம். பிறகு அம்மா பேசினாள். "ஏய்யா, குலுக்கைல எலி ஓட்டை போட்டிருச்சு. நெல்ல அம்புட்டையும் மூட்டை கட்டி வீட்டுக்குள்ள அடுக்கியாச்சு. காலு வைக்க எடமில்ல. உங்கப்பன் மூட்டை மேலதான் படுக்குறாரு. குலுக்கை இனிமே சும்மாதான் கெடக்கும்."

பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். தகர மூடி இழுபட்டது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. சுலைமான் அண்ணன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அந்த வருசமே எனக்கு லீவு கிடைத்தது. வீட்டுக்குள் நுழைய மூட்டைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. பெட்டியை வைத்துவிட்டுக் குலுக்கையைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

"எலி எங்கம்மா?" என்று கேட்டேன்.

அம்மா முறத்திலிருந்து நிமிரவே இல்லை. "நல்ல எலிதான். பாட்டுப் பாடுச்சு. இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

ஆனால் நான் இருந்த நாளெல்லாம் ராக்கு பாடவில்லை. என்னை நேராகப் பார்த்துப் பேசினாள், சிரித்தாள், திட்டினாள். ஒரு பாட்டுப் பாடேன் என்று கேட்டால், "ஆளக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு என்னத்தப் பாட? உங்களுக்கென்ன கிறுக்கா?" என்றாள். நியாயம்தான். எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் தண்ணீர் லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்தக் குரலை நான் தேட ஆரம்பித்துவிட்டேன். மஸ்கட்டில் கேட்கிற என் சம்சாரத்தின் குரல் என் வீட்டில் கேட்கவில்லை.

கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், மத்தியானம், அவள் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் கையோடு கொண்டுவந்திருந்த கோழிப் பாட்டுக் கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு மூட்டை மேல் ஏறிக் குலுக்கைக்குள் இறங்கினேன். உள்ளே நெல் வாசம். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. பாட்டைப் போட்டேன். இரண்டு பக்கத்துச் சுவரிலிருந்தும் அவள் குரல் வந்தது. அம்மா கூப்பிடுகிற இடம் வந்து பாட்டு நின்றது. மூச்சு கேட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே குலுக்கையைத் தட்டும் சத்தம்.

"ஏங்க, அதுக்குள்ள என்ன பண்றீக? சோறு ஆறுது. வாங்க."

உள்ளே அவள் மறுபடி பாட ஆரம்பித்தாள். வெளியே அவள் வளையல் குலுங்க இன்னொரு தடவை தட்டினாள். நான் எதையும் நிறுத்தவில்லை.

"வாரேன்" என்றேன். என் குரல் குலுக்கையைச் சுற்றி வந்து, தூரத்து ஊரிலிருந்து யாரோ சொல்லி அனுப்பியது போல எனக்கே கேட்டது.